பிக்கிள் தோலுக்கு வைக்காத புள்ளி

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாத உடம்பு. அரக்கோணம் ஜங்ஷனில் டீ கேன் தூக்கினேன். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற பவர்லூம் கொட்டகையில் ஒரு வருடம் இருந்தேன். அந்தச் சத்தத்தில் இடது காது மந்தமானதுதான் மிச்சம். லாரியில் கிளீனராகச் சித்தூர், கடப்பா என்று சுற்றிவிட்டு மலேரியாவோடு திரும்பினேன். அதற்குப் பிறகுதான் ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி இருந்த, தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எழுபதுகளின் கடைசி.

தோல் ஷாப்பில் என்னைப் போட்டது பிக்கிள் டிரம்மில். உப்புப் போட்டு வருகிற ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடி கழற்றி, சதை வழித்து, கழுவி எடுப்பார்கள். பிறகு உப்பும் கந்தக ஆசிடும் கலந்த தண்ணீரோடு மர டிரம்மில் போட்டுச் சுற்றுவார்கள். அதற்குத்தான் பிக்கிள் என்று பெயர். பிக்கிள் ஆன தோல் வெள்ளை வெளேரென்று இருக்கும். நாறாது, மாதக்கணக்கில் அழுகாது. அந்த ஷாப்பிலேயே கண்ணுக்குச் சுத்தமான பொருள் அதுதான். அடுத்து, பதப்படுத்துகிற குரோம் உப்பைப் போட்டால் நீலமாகிவிடும். நான் பிக்கிள், குரோம் இரண்டு டிரம்மிலும் வெறுங்கையோடு வேலை செய்தேன். ஆறு மாதத்தில் விரல் இடுக்குகளில் மிளகு அளவுக்குக் குழிகள் விழுந்தன. அங்கே எல்லோருக்கும் இருந்த குழிகள்தான். ஆனால் எல்லோரும் அதோடு சோறு பிசைந்து சாப்பிட்டார்கள், எனக்கு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேடம் வந்தார். குட்டையான உருவம், பருத்திப் புடவை, கையில் ஆண்கள் வைத்திருப்பது போன்ற கறுப்புக் குடை. வேலூர் போகிற சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுப்பவர். எங்கள் மேஸ்திரியிடம், உப்புத் தோலில் இருந்து முடிந்த தோல் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டார். மேஸ்திரி வாணியம்பாடிக்காரர், ஐம்பது வயது பாய், எதையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார்.

"இன்னாம்மா, கலர் கலரா செருப்பு தைக்கப் போறீங்களா?"

"இல்ல பாய். தோலுக்குள்ள எத்தினி பெரிய ஓட்டை இருக்குன்னு பார்க்கணும்."

"ஓட்டை இருந்தா வாங்குறவன் திருப்பி அனுப்பிடுவான். நாங்க இல்லாம பார்த்து அனுப்புறோம், நீங்க தேடிக்கினு வர்றீங்க."

மேடம் சிரித்தார். துண்டு வெட்டிக் கொடுக்கிற பேஜாரை மேஸ்திரி என் தலையில் கட்டினார். அப்படித்தான் துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வர ஆரம்பித்தேன். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ, பையை வாங்கும்போது மேடம் என் கையைப் பார்த்தார். அதற்கு அடுத்த தடவை, தற்காலிக அட்டெண்டர் வேலை ஒன்று இருக்கிறது, வருகிறாயா என்றார். நாற்றம் இருக்காது, ஆனால் பேச்சுத் துணையும் இருக்காது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். உட்காருவது எனக்கு வராத வேலை. கைக்காகச் சேர்ந்தேன்.

அறை கட்டடத்தின் கோடியில் இருந்தது, முன்பு சாமான் அறையாக இருந்திருக்கிறது. உள்ளே ஒரு மேஜை, அதைச் சுற்றி ஈயக் கட்டிகளால் அடுக்கிய சின்னச் சுவர், நடுவில் முகத்துக்கு முகம் பார்த்தபடி படுத்திருந்த இரண்டு கறுப்புக் குழாய்கள். பக்கத்தில் சென்னையிலிருந்து இரவல் வாங்கி வந்த பெரிய பெட்டி, அதில் பச்சைத் திரை. இரண்டு குழாய்களுக்கும் நடுவில்தான் தோல் துண்டு போகும். இரண்டு துண்டு எடுத்து, நடுவில் 'சோர்ஸ்' என்று மேடம் சொன்னதை வைத்து, ரொட்டிக்கு நடுவில் ஜாம் மாதிரி சேர்த்துக் கட்ட வேண்டும். சோர்ஸ் என்பது பார்க்க ஒன்றுமே இல்லை. சிகரெட் பெட்டியில் வருகிற வெள்ளித்தாளைப் போன்ற, அதைவிட மெல்லிய அலுமினியத் தகட்டின் மடிப்பு. அதற்குள் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரைக் காயவைத்து மூடியிருந்தார்கள். நாம் சாப்பிடுகிற உப்பில் இருக்கிற சோடியம்தான், ஆனால் வேறு வகைச் சோடியம். அதிலிருந்துதான் பாசிட்ரான் வரும்.

பாசிட்ரான் என்றால் என்ன என்று முதல் வாரமே கேட்டேன். எனக்குத் தெரியாமல் ஒரு பொருளுக்குக் காவல் இருக்கப் பிடிக்காது. மேடம் வகுப்பில் சொல்வது போலச் சொல்லவில்லை, சாம்பிள் கட்டிக்கொண்டே சொன்னார்.

"எல்லாப் பொருள்லயும் எலக்ட்ரான் இருக்கு இல்ல? இது அதுக்கு நேர் எதிர். எடை ஒண்ணுதான், மத்தது எதிர். ரெண்டும் சந்திச்சா ரெண்டுமே இருக்காது. வெளிச்சம் மட்டும் ரெண்டு பக்கமா பிரிஞ்சு போகும்."

"கண்ணுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. அதுக்குத்தான் இந்தக் குழாய். பொறக்கும்போது ஒரு சத்தம் போடும், சாகும்போது ஒரு சத்தம் போடும்னு வெச்சிக்கோ. ஒரு குழாய் பொறப்பைக் கேட்கும், இன்னொண்ணு சாவைக் கேட்கும். நடுவுல எவ்வளவு நேரம்னு பெட்டி எழுதிக்கும். நெருக்கமான இடத்துல சீக்கிரம் செத்துடும். ஓட்டை கிடைச்சா அதுக்குள்ள ஒண்டிக்கிட்டு கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும்."

அந்த 'ஜாஸ்தி' கண் இமைக்கிற நேரத்தைப் பல கோடியாக வகுத்தால் வருகிற நேரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாசிட்ரான் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று பார்த்தால், தோலுக்குள் நார்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். எந்த மைக்ராஸ்கோப்பாலும் பார்க்க முடியாத இடைவெளி. மேடத்தின் ஆராய்ச்சி அதுதான். பிக்கிள் செய்யும்போது ஆசிட் அந்த இடைவெளிகளைத் திறந்துவிடுகிறது, குரோம் வந்து அவற்றில் உட்கார்ந்து மூடுகிறது, அதனால்தான் தோல் அழியாமல் நிற்கிறது என்பது அவருடைய எண்ணம். அதைப் பாசிட்ரானை வைத்துக் காட்ட வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லாமே எதிர் என்றால், கீழே விட்டால் விழுமா, மேலே போகுமா?

மேடம் கட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். கணக்குப்படி விழ வேண்டும் என்றார். ஆனால் விட்டுப் பார்த்தவர்கள் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை, விழுவதற்குள் எதையாவது தொட்டு அழிந்துவிடும் என்றார். இவ்வளவு பெரிய பெட்டியை வைத்துக்கொண்டும் கீழா மேலா என்று தெரியாது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆம்பூருக்குப் போனபோது மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் உடனே, மேலேதான் போகும் என்று முடிவு கட்டிவிட்டார். அதன் பிறகு எங்கே என்னைப் பார்த்தாலும், "இன்னாடா, உங்க மேடம் ஜாமான் மேலயா கீழயா?" என்பார். டீக்கடையில் நாலு பேர் இருந்தால் சத்தமாகக் கேட்பார்.

மேடம் வேலூர் பாகாயத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய அம்மா, ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதே நல்ல புடவையோடு அறைக்கு வந்துவிடுவார். அவருக்கு அவசரம் இருந்தது. இரவல் பெட்டியைச் சென்னைக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்த காலம் முடியப் போகிறது. பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், அறையும் அவருக்கே என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. வராவிட்டால் அந்த வருடத்தோடு சரி. அறையில் டைப்ரைட்டிங் வகுப்பு வைக்கப் போவதாகப் பேச்சு. எல்லாவற்றையும்விட சோர்ஸ். அது தானாகவே செத்துக்கொண்டிருந்தது. இரண்டரை வருடத்தில் பாதியாகிவிடும், அதற்கு மேல் இரண்டரை வருடத்தில் மிச்சத்தில் பாதி. அது கைக்கு வந்தபோதே பழையது. பம்பாய்க்கு எழுதிப் போட்டு இன்னொன்று வருவதற்குள் எல்லாக் கெடுவும் முடிந்துவிடும்.

சோர்ஸ் பலவீனமாக ஆக, ஒவ்வொரு சாம்பிளையும் அதிக நாள் ஓட்ட வேண்டியிருந்தது. முதலில் ஒரு வாரத்துக்குள் முடிந்தது. பிறகு பத்து நாளாயிற்று, அதற்கு மேலும் போயிற்று. சூடு ஏறினால் பெட்டியின் கணக்குத் தவறும் என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கும். கரண்ட் போனால் நிறுத்தி, வந்தால் மறுபடி ஓட்டுவது என் வேலை. சுவரில் ஒரு கிராஃப் தாள் ஒட்டியிருந்தது. உப்புத் தோல், சுண்ணாம்புத் தோல், குரோம் தோல், முடிந்த தோல் என்று வரிசையாகப் புள்ளிகள். ஓட்டி முடித்ததும் பென்சிலில் புள்ளி வைப்பார், சரிபார்த்த பிறகு மை போடுவார். நடுவில், சுண்ணாம்புக்கும் குரோமுக்கும் இடையில், பிக்கிளுக்கு உரிய இடம் மட்டும் காலி. அந்தப் புள்ளி மற்றவற்றுக்கு மேலே எழும்பி நின்றால்தான் ஆசிட் இடைவெளியைத் திறக்கிறது என்று சொல்ல முடியும். அது இல்லாவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பிக்கிளைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது கெடாது என்பதுதான். மற்றதெல்லாம் அழுகும், நாறும், அவசரமாக ஓட்ட வேண்டும். பிக்கிள் காத்திருக்கும். நாங்கள் இருவரும் தடிமனான துண்டாகப் பார்த்து எடுத்தோம். மெல்லியதாக இருந்தால் பாசிட்ரான் துளைத்து வெளியே போய்விடும். மேடம் அதை மறுபடி மறுபடி தண்ணீரில் கழுவி, மேலே லிட்மஸ் தாளை ஒற்றிப் பார்த்தார். நிறம் மாறவில்லை. நிழலில் காயவைத்தோம். காய்ந்தது வெள்ளைக் காகித அட்டை மாதிரி இருந்தது. அதற்கு நடுவில் சோர்ஸை வைத்துக் கட்டினோம்.

கட்டிய இரண்டாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் வருடக்கணக்கில் பார்க்காத தண்ணீர் வந்தது. ஊரே ஆற்றைப் பார்க்கப் போனது. நான் சாத்திய அறையில் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுவர் வியர்த்தது. மர ஸ்டூல் ஊதி உப்பியது. ஈயக் கட்டிகளுக்குள் அந்தத் தோல் என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஓட்டம் முடிந்த அன்று மேடம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை போட்டு, மறுபடி போட்டார். பிறகு எழுந்துபோய்க் கிராஃப் தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். மற்றப் புள்ளிகளுக்கு மேலே, அவர் நினைத்த இடத்தில் வந்து நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என்னை அனுப்பிப் பக்கோடா வாங்கி வரச் சொன்னார்.

நான் போய் வருவதற்குள் சாம்பிளை வெளியே எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் வைத்திருந்தார். மேஜையில் ஈரம் இருந்தது, இருவருமாகத் துணியால் துடைத்தோம். அந்த அறைக்குள் எதையும் சாப்பிடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம், அதனால் வாசற்படியில் நின்று சாப்பிட்டோம். கட்டடத்தைப் பெருக்குகிற அம்மா அந்தப் பக்கம் வந்தாள். ஊருக்கு வெளியே காலனியில் இருப்பவள், பேரப்பிள்ளையோடு. மேடம் அவளுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். அவள் அதைப் பொட்டலமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாங்கள் துடைத்த துணியையே எடுத்து மேஜையையும் கதவையும் இன்னொரு தடவை துடைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மேடம் கட்டைப் பிரித்தார். தோல் மேலே காய்ந்திருந்தது, நடுவில் ஈரமாக இருந்தது. அலுமினியத் தகட்டை இடுக்கியில் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அதில் ஊசி குத்தியது போல வெளிச்சம் தெரிந்தது, ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில்.

கழுவியதும் லிட்மஸ் ஒற்றியதும் மேல்தோலுக்குத்தான். தடிமனான தோலின் உள்ளே ஆசிட் இருந்தது, உப்பு இருந்தது. மழைக் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்து, ஈரம் ஆசிட்டை வெளியே கொண்டுவந்து, அலுமினியத்தை அரித்துவிட்டது. பிக்கிள் டிரம் பக்கத்தில் இரும்பு ஆணிகூட அடிக்க மாட்டார்கள், எல்லாம் மர முளைதான். என் லுங்கியெல்லாம் அந்த ஆசிட்டில் ஓட்டை விழுந்தவை. அப்படியிருந்தும் அந்த வெள்ளைத் துண்டைப் பார்க்கும்போது எனக்கும் அது சுத்தமான பொருள் என்றுதான் தோன்றியது. ஓட்டம் குறுகியதாக இருந்திருந்தால் தகடு தாங்கியிருக்கும் என்று மேடம் பிறகு சொன்னார். சோர்ஸ் பலவீனமானதால் ஓட்டம் நீண்டது.

கதிர்வீச்சு இருந்தால் சத்தம் போடுகிற கெய்கர் கவுண்டரை அவர் எடுத்தார். மேஜையில் வைத்தார், அது படபடவென்று சத்தமிட்டது. தட்டில், இடுக்கியில், கதவுக் கைப்பிடியில், துடைத்த துணியில். தன் கையில் வைத்தார். என் கையில் வைத்தபோது சத்தம் அதிகமாக இருந்தது. விரல் இடுக்குக் குழிகளுக்குள் இறங்கியிருக்கும் என்றார். சாதாரணக் குரலில்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது இதைவிட அதிகம் உடம்பில் போகும், இது உப்புதான், வியர்வையிலும் மூத்திரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றார். நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

பிறகு அவர் சுவரில் இருந்த பென்சில் புள்ளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அந்தக் கணக்கு செல்லாதா மேடம்?"

"எங்க செத்ததோ தெரியாதே. தோல்ல செத்துதா, தண்ணியிலயா, ஓட்டை விழுந்த தகட்டுலயா? எல்லாம் கலந்துபோச்சு."

"ஆனா சரியான எடத்துலதானே வந்திருக்கு."

"ஆமா."

தகட்டில் ஓட்டை விழுந்தது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், மை போட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அதில் எனக்கு அப்போது தப்பே தெரியவில்லை, இப்போதும் ரொம்பத் தெரியவில்லை. அந்தப் புள்ளி வேறெங்கும் விழுந்திருக்காது என்று அவரே நம்பினார். அவர் மறுக்கவும் இல்லை. சோர்ஸைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மெழுகு வைத்து அடைத்தார், மேஜையைக் கழுவினார், என்னைத் தரையைத் துடைக்கச் சொன்னார். பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருவரும் கழுவினோம். கழுவி முடித்துவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஆகிவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். அவரும் அப்படித்தான் போட்டிருப்பார். கதவுக் கைப்பிடியைக் கழுவும்போதுதான் அவருக்குப் பெருக்குகிற அம்மாவின் ஞாபகம் வந்தது.

அவளைக் கூப்பிட்டு, சோப்பைக் கையில் கொடுத்து, கையை நன்றாகக் கழுவிக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

அவள் சோப்பை வாங்கவில்லை. மேடத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, என் கை அழுக்கா? இந்தக் கையாலதான் உங்க கக்கூஸ் கழுவுறேன். இத்தினி வருசத்துல ஒருத்தரும் கையைக் கழுவுன்னு சொன்னதில்லை. நேத்து பக்கோடா குடுத்தீங்க, இன்னிக்கு சோப்பு குடுக்குறீங்க."

காரணம் சொல்லாமல் அவளைக் கை கழுவச் சொல்ல முடியாது. சொன்னால் அது தீட்டு விஷயமாகத்தான் அவள் காதில் விழும். காரணம் சொன்னால், தகட்டில் ஓட்டை விழுந்ததைச் சொல்ல வேண்டும். நான் பின்னால் நின்று தலையை ஆட்டினேன், சொல்லாதீர்கள் என்று.

மேடம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார். தானும் எதிரே உட்கார்ந்து, எனக்குச் சொன்னதைவிட எளிமையாகச் சொன்னார். இந்தத் தோலுக்குள் ஒரு மருந்து வைத்திருந்தேன், என் கவனக்குறைவால் ஒழுகிவிட்டது, என் கையில் இருக்கிறது, இவன் கையில் இருக்கிறது, நீ துடைத்த துணியில் இருந்தது. கவுண்டரை முதலில் தன் கையில் வைத்துக் காட்டினார். பிறகு அவள் கையில் வைத்தார். சத்தம் கேட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கழுவுனா போய்டுமா?"

"கொஞ்சம் போகும். மிச்சம் தானாப் போய்டும். பயப்படாத அளவுதான்."

"பக்கோடாவைப் புள்ளைக்குக் குடுத்தேனே" என்றாள்.

மேடம் கவுண்டரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. நாங்கள் மூவரும் பட்டப் பகலில், கல்லூரி மைதானத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, தோல் ஷாப் தண்ணீர் ஓடுகிற கால்வாய் ஓரமாகக் காலனிக்கு நடந்தோம். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும். வாசலில் டப்பாவில் மண் அள்ளிக்கொண்டிருந்தான். மேடம் சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்து அவன் கையில், வாயில், வயிற்றில் கவுண்டரை வைத்தார். எப்போதாவது ஒரு சத்தம். வெறும் காற்றில் கேட்பது போலத்தான். அவர் நம்பவில்லை, அவன் படுக்கிற பாய், சோற்றுப் பானை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். காலனியே சுற்றி நின்றது. "இன்னாது அது, இன்னாது அது" என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள். யாரோ, புள்ளைக்கு விஷம் குடுத்துட்டாங்களாம் என்றார்கள். பெருக்குகிற அம்மா திரும்பி, சும்மா இரு என்று அதட்டினாள்.

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. மேடம் அங்கிருந்து நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனார்.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. பயந்துபோனார், அவ்வளவுதான். அறை அன்றைக்கே பூட்டப்பட்டது. சென்னையிலிருந்து இருவர் வந்து எல்லா இடத்திலும் கருவி வைத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புட்டியையும் தோலையும் துணியையும் ஒரு பெயிண்ட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் பெண்கள் ஹாஸ்டலில் யாரும் அந்தப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கவில்லை. ஆசிரியர்கள் அறையில் மேடம் குடிக்கிற டம்ளரை ஒருவர் தனியாக எடுத்து வைத்துவிட்டார். யார் என்று அவர் கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து அதிலேயே குடித்தார்.

அவருக்கு வழிகாட்டியாக இருந்த புரொபசரைப் பார்க்கச் சென்னைக்குப் போனார். பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்காக நானும் கூடப் போனேன். வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன், உள்ளே பேசியது கேட்டது. புரொபசர் நல்லபடியாகத்தான் பேசினார். ஓட்டையைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு எழுதிவிட்டுப் புள்ளியை வை, யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள் என்றார். மேடம், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாதபோது எப்படி வைப்பது என்றார். அப்படியானால் உன்னிடம் ஆராய்ச்சியே இல்லை என்றார் புரொபசர். ஆமாம் சார் என்றார் மேடம். திரும்பி வரும்போது ரயில் அரக்கோணத்தில் நின்றது. நான் இறங்கி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நான் டீ கேன் தூக்கிய அதே பிளாட்பாரம்.

அறையைத் திறந்துவிட்டு, காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். இரவல் பெட்டி போனாலும், எண்ணிக்கை மட்டும் காட்டுகிற கல்லூரியின் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது, அதுவரைக்கும் குழாய்களுக்குக் கரண்டும் இருந்தது. கையில் இருப்பது கெய்கர் கவுண்டரில் தெரியாத அளவுக்குக் குறைந்த பிறகும், குழாய்கள் கண்டுபிடித்துவிடும். அதனால் மேடம் என்னை அவ்வப்போது கூப்பிட்டு, ஈயச் சுவருக்கு நடுவில், தோல் வைக்கிற இடத்தில் என் கைகளை வைக்கச் சொல்வார். கையை அசைக்காமல் நிற்க வேண்டும். என் கைக்குள்ளிருந்து பாசிட்ரான் பிறந்து, என் கைக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எரியவில்லை. வாரா வாரம் குறைந்தது. அட்டெண்டர் வேலையில், ஆசிட் டிரம்மில் கை வைக்காமல் இருந்த அந்த மாதங்களில் குழிகளும் ஓரளவு மூடியிருந்தன. டைப்ரைட்டர்கள் வந்து வராந்தாவில் இறங்கிய அன்று கடைசியாக வைத்தேன். கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவுதான் வந்தது.

"ஒண்ணும் இல்ல. போய்டுச்சு" என்றார் மேடம். சுவிட்சை அணைத்தார். கிராஃப் தாளைச் சுவரிலிருந்து கிழியாமல் உரித்து எடுத்தார். பென்சில் புள்ளியை எப்போது அழித்தார் என்று தெரியாது, அந்த இடத்தில் தாள் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

வருடக் கடைசியில் அவர் வேலை போயிற்று. குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போனார் என்று கேள்விப்பட்டேன். எண்பதுகளின் நடுவில், பவர்லூம் நூல் வண்டியில் போனபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். அதே கறுப்புக் குடை. வண்டி நிற்கவில்லை.

அவர் கல்லூரியை விட்டுப் போன அதே மாதம் எனக்கும் வேலை முடிந்துவிட்டது. போக்கிடம் இல்லாமல் மறுபடி அதே தோல் ஷாப்புக்குப் போனேன். மேஸ்திரி கணக்குப் பிள்ளையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் ஆரம்பித்தார்.

"வாடா. இன்னாச்சு, மேலயா கீழயா?"

"அது தெரியல பாய்."

"அப்போ இத்தினி நாளா இன்னாதான் பண்ணீங்க ரெண்டு பேரும்?"

"ஒரு புள்ளி கம்மி பாய். அதனால முடிக்க முடியல."

"ஒரு புள்ளியா?" அவர் கணக்குப் பிள்ளையைப் பார்த்தார், சிரிக்கலாமா வேண்டாமா என்பது போல. பிறகு சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தார். ஆறிவிட்டது போலிருக்கிறதே என்றார். பிக்கிள் டிரம்மில் ஆள் குறைகிறது, போ என்றார்.